ஆடுகளமும் அறவுரை மேடையும்

தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவரில் பலர், தம் பிள்ளைகளைப் 'பப்ளிக் ஸ்கூல்' என்னும் பெயர் தாங்கிய பள்ளிகளுக்கு அனுப்பி வருகின்றனர். அப்பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டம் உண்டு. மாணவர்களைப் பல 'ஹவுஸ்'களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவனையும் ஒரு நிறத்தையும் அளிக்கும் வழக்கம் உண்டு. மாலையில் ஆட்டம் உண்டு. ஆட்டத்தில் தோற்ற கட்சி வென்ற கட்சிக்குக் கை கொடுத்த பின்னரே களத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆசிரியர் கற்பிப்பதும் உண்டு. 'பொதுப் பள்ளி' என்று பெயரிருந்தும் பெருந்தொகை கட்டணமாகக் கேட்கிறார்களே என்று நம்மில் பெற்றோர் வியப்பதும் உண்டு.

இவ்வழக்கங்கள் யாவும் சென்ற நூற்றாண்டுக்கும் முற்பட்ட இங்கிலாந்திலிருந்து வந்தவை. அங்கே சிறுவர்கள் தத்தம் வீட்டிலேயே தனி ஆசிரியரிடம் கற்பதும், உள்ளூர்ப் பள்ளியில் கற்பதும் பழைய முறை. இதற்கு மாறாக, எவ்வூரார் ஆயினும் கட்டணம் செலுத்திச் சேரலாம் என்று திறந்து வைத்த பள்ளியே 'பப்ளிக் ஸ்கூல்' எனப்பட்டது. அவற்றுள் தலைசிறந்ததாகக் கருதப்படும் ஈட்டன் பள்ளியை 1440-ஆம் ஆண்டில் ஆறாம் ஹென்றி மன்னர் நிறுவினார். எழுபது ஏழை மாணவர்களுக்கு இலவசமாகக் கல்வி அளிப்பதே அவர் நோக்கம். காலப்போக்கில் கட்டணம் செலுத்தும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளே அங்குப் பெரும்பான்மையினர் ஆயினர்.

விக்டோரியா மகாராணியார் காலத்தில் இப்பள்ளிகளை நடத்தியவர்கள், கிரிக்கெட் ஆட்டம் ஒழுக்கத்தைக் கற்பிக்கும் என்று உறுதியாக நம்பினர். எதிரியிடத்தும் நேர்மை, நடுவர் தீர்ப்புக்கு அடங்குதல், தோல்வியிலும் நிலை குலையாமை ஆகிய மூன்றையும் புத்தகத்தைக் காட்டிலும் ஆடுகளமே நன்கு புகட்டும் என்பது அவர்கள் கொள்கை. இக்கொள்கை மெய்தானா? களத்தில் கற்ற நேர்மை, களத்துக்கு வெளியே, அதிலும் தன் சொந்த நாட்டார் சினந்து நிற்கும் வேளையில், நிலைத்து நிற்குமா? இவ்வினாவுக்கு விடை காண ஒருவர் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். அவர் புகழ் பெற்ற கிரிக்கெட் ஆட்டக்காரராயிருந்து, மதகுருவாகி, இரு பெரும் பள்ளிகளுக்குத் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். எட்வர்ட் லிட்டல்டன் என்பது அவர் பெயர்.

லிட்டல்டன் 1855-ஆம் ஆண்டு ஜூலை மாதம் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் நான்காம் லிட்டல்டன் பிரபு. வூஸ்டர்ஷயர் வட்டாரத்தில் ஹேக்லி என்னும் இடத்தில் பெரிய மாளிகையும் நிலமும் உடையவர். தாயாரும், பின்னர் நான்கு முறை பிரதமராயிருந்த கிளாட்ஸ்டனின் மனைவியாரும் உடன்பிறந்தவர்கள். எட்வர்ட் இரண்டு வயதுக் குழந்தையாயிருந்தபோதே தாயார் காலமானார். அவ்வீட்டில் ஆண்மக்கள் எண்மர். எண்மரும் கிரிக்கெட் ஆடினர். 1867-ஆம் ஆண்டில் தந்தையாரும், சிற்றப்பன்மார் இருவரும், மக்கள் எண்மரும் சேர்ந்து பதினொருவர் அடங்கிய ஒரே குடும்பக் குழுவாக நின்று, புரோம்ஸ்குரோவ் பள்ளிக் குழுவை எதிர்த்து ஆடிப் பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றனர். எட்வர்டுக்கு அப்போது வயது பன்னிரண்டு.

அக்காலத்துக் கிரிக்கெட்டின் ஒரு பிரிவினையை இங்கு விளக்குதல் வேண்டும். கூலி பெற்று ஆடுவோர் ஒரு வகையினர். பொழுதுபோக்காக ஆடுவோர் மற்றொரு வகையினர். முன்னவரை 'ஆட்டக்காரர்' என்றும் பின்னவரைக் 'கனவான்' என்றும் வழங்கினர். ஒரே குழுவில் ஆடினாலும் பல மைதானங்களில் இருவகையினருக்கும் உடை மாற்றும் அறைகள் வேறு. களத்துக்குள் நுழையும் வாயில்களும் வேறு. அச்சிட்ட ஆட்டக் குறிப்பில் கனவானின் முதலெழுத்துகள் பெயருக்கு முன்னே நிற்கும். கூலிக்காரரின் முதலெழுத்துகள் பெயருக்குப் பின்னே தள்ளப்படும். நேர்மை பேசிய ஆட்டத்துக்குள் இப்படியும் ஒரு தீண்டாமை இருந்து வந்தது. 1962-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில்தான் இப்பாகுபாடு சட்டப்படி ஒழிந்தது. லிட்டல்டன் கனவான் வகையைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் டிரினிட்டி கல்லூரியிலும் அவர் கற்றார். 1875 முதல் 1878 வரை சர்வகலாசாலைக் குழுவில் ஆடி, கடைசி ஆண்டில் அதன் தலைவரானார். 1878-ஆம் ஆண்டின் கேம்பிரிட்ஜ் குழு இன்றளவும் நினைவுகூரப்படுவது. அவ்வாண்டு ஆடிய எட்டு ஆட்டங்களிலும் அக்குழு வென்றது. அவருடைய தம்பி ஆல்பிரட் விக்கெட் காத்தார். பின்னர் ஆஸ்திரேலியாவுக்குக் குழு அழைத்துச் சென்று 'ஆஷஸ்' என்னும் சாம்பற் கிண்ணத்தோடு திரும்பிய ஐவோ பிளை என்பவரும் அக்குழுவில் இருந்தார்.

அதே ஆண்டில்தான் ஆஸ்திரேலியக் குழு ஒன்று இங்கிலாந்துக்கு வந்து, லார்ட்ஸ் மைதானத்தில் புகழ் வாய்ந்த எம்.சி.சி. குழுவை ஒரே நாளில் தோற்கடித்து நாடு முழுவதையும் திகைக்கச் செய்தது. அந்த ஆஸ்திரேலியரைக் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஓர் இன்னிங்சும் 72 ஓட்டங்களும் மிகையாக வைத்து வென்றனர். மிடில்செக்ஸ் குழுவுக்காக ஆடிய மற்றோர் ஆட்டத்தில், ஸ்பாபர்த் முதலிய ஆஸ்திரேலியப் பந்து வீச்சாளர்களை எதிர்த்து லிட்டல்டன் 113 ஓட்டங்கள் எடுத்தார். அப்பருவத்தில் ஆஸ்திரேலியருக்கு எதிராக நூறு ஓட்டங்களைக் கடந்தவர் அவர் ஒருவரே. கால்பந்திலும் அவர் வல்லவர்; 1878-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஸ்காட்லாந்தை எதிர்த்து இங்கிலாந்துக்காக ஆடினார். அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து ஏழுக்கு இரண்டு என்னும் கணக்கில் தோற்றது. ஒரே ஆண்டில் வெற்றியின் உச்சியையும் தோல்வியின் பள்ளத்தையும் அவர் கண்டுவிட்டார்.

இத்தகைய ஆட்டக்காரர் மதகுருவாகவும் ஆசிரியராகவும் ஆனது ஏன்? ஆங்கிலப் பிரபுக்கள் வீட்டில் பட்டமும் நிலமும் மூத்த மகனுக்கே உரியவை. நம் நாட்டில் போலப் பாகப்பிரிவினை இல்லை. இளைய மக்கள் இராணுவம், சட்டம், அரசியல், திருச்சபை என்னும் துறைகளுள் ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். லிட்டல்டன் வீட்டிலேயே இதனைக் காணலாம். நெவில் படைத்தலைவரானார், ஆர்தர் பிஷப் ஆனார், ஆல்பிரட் வழக்கறிஞராகிப் பின் குடியேற்ற நாட்டு மந்திரியானார், எட்வர்ட் ஆசிரியரானார்.

அந்நாளில் பெரும்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராக வர விரும்புவோர் குருப்பட்டம் பெற்றிருத்தல் ஏறக்குறைய கட்டாயம். பள்ளிக்குள்ளேயே தேவாலயம் உண்டு. ஞாயிறுதோறும் மாணவர்களுக்கு அறவுரை கூறுவது தலைமையாசிரியரின் கடமை. 1828 முதல் 1842 வரை ரக்பி பள்ளியை நடத்திய டாக்டர் தாமஸ் ஆர்னால்டு இம்மரபுக்கு வலிமை தந்தவர். அவர் ஆட்டங்களைப் பெரிதாகப் போற்றியவர் அல்லர். ஆயினும் அவரிடம் கற்ற தாமஸ் ஹியூஸ் 1857-இல் வெளியிட்ட பள்ளிக் கதை ஒன்று, பக்தியையும் ஆட்டத்தையும் ஒன்றாக முடிச்சிட்டு நாடெங்கும் பரப்பியது. அதன் பின்னர்க் கையில் மட்டையும் வாயில் மறையும் உடைய ஆசிரியரே இலட்சிய ஆசிரியர் என்னும் எண்ணம் வேரூன்றியது.

லிட்டல்டன் முதலில் வெல்லிங்டன் கல்லூரியிலும், 1882 முதல் ஈட்டனிலும் உதவி ஆசிரியராயிருந்தார். 1884-ஆம் ஆண்டில் திருச்சபைப் பணியில் முதற்பட்டம் பெற்றார். 1890-இல் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எந்தத் தேவாலயத்தின் நீண்ட நடுக்கூடத்தில் நடந்தாலும், இத்தரையில் பந்து வீசினால் அது சுழலுமா என்று மனத்துக்குள் பந்து வீசிப் பார்க்காமல் தம்மால் நடக்க இயலாது என்று அவர் கூறியதாக ஒரு செய்தி உண்டு. புலால் உண்ணாதவர் அவர். குளிர்ந்த நீரிலும் திறந்த காற்றிலும் அளவற்ற நம்பிக்கை உடையவர். இவ்வழக்கங்களுக்காக மாணவர்கள் அவரை மறைவில் நகையாடியிருந்தால் வியப்பில்லை.

1890-ஆம் ஆண்டில் ஹெய்லிபரி பள்ளிக்கு அவர் தலைமையாசிரியரானார். ஹெய்லிபரி என்னும் பெயர் நம் நாட்டு வரலாற்றோடு பிணைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவதற்காக 1806-ஆம் ஆண்டில் ஒரு கல்லூரியை நிறுவி, பின் அதனை ஹெய்லிபரியில் அமைத்தது. மக்கட்பெருக்கம் பற்றிய கொள்கையால் புகழ் பெற்ற மால்தூஸ் அங்கே பேராசிரியராயிருந்தார். சென்னை மாகாணம் உள்ளிட்ட இந்தியப் பகுதிகளை ஆள வந்த கலெக்டர்கள் பலர் அங்குப் பயின்றவர்களே. கம்பெனி ஆட்சி முடிந்த 1858-ஆம் ஆண்டில் அக்கல்லூரியும் மூடப்பட்டது. அதே கட்டடங்களில் 1862-இல் தோன்றிய பள்ளியையே லிட்டல்டன் பதினைந்து ஆண்டுகள் நடத்தினார். ஏகாதிபத்தியப் பெருமிதம் சுவரெல்லாம் ஊறியிருந்த இடம் அது.

1899-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டது. நேட்டாலில் உள்ள லேடிஸ்மித் நகரைப் போயர்கள் நான்கு மாத காலம் முற்றுகையிட்டனர். இப்போர் நம்மவருக்கும் தொடர்புடையது. காந்தியடிகள், தம் மனம் போயர்கள்பால் இரங்கிய போதிலும், குடிமகனின் கடமை என்று கருதி, ஏறத்தாழ 1,100 இந்தியர்களைக் கொண்ட மருத்துவத் தூக்குப்படை ஒன்றை அமைத்துக் காயமுற்றோரைச் சுமந்தார். அப்படையினருள் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி நேட்டாலுக்குச் சென்ற தொழிலாளரின் வழிவந்த சமூகம் அது. லேடிஸ்மித்தை மீட்கச் சென்ற ஆங்கிலப் படையில் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் யாரென்றால், எட்வர்டின் உடன்பிறந்த அண்ணன் நெவில் லிட்டல்டன்.

1900-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் லேடிஸ்மித் மீட்கப்பட்டது. செய்தி எட்டியதும் இங்கிலாந்து முழுவதும் கொண்டாட்டத்தில் மூழ்கியது. பள்ளிகள் விடுமுறை விட்டன. ஹெய்லிபரி மாணவர்களும் விடுமுறை கேட்டனர். தலைமையாசிரியர் மறுத்துவிட்டார். அவர் போயர்களிடம் அனுதாபம் உடையவர் என்பது மாணவர்கள் எண்ணம். தலைமையாசிரியரின் கட்டளையை மீறி அவர்கள் திரளாகப் பள்ளியை விட்டு வெளியேறி, அக்கம்பக்கத்து ஊர்களில் பாட்டும் கூச்சலுமாக ஊர்வலம் வந்தனர். திரும்பியபின் தண்டனை காத்திருந்தது. பள்ளி முழுவதையும் அடிக்க இயலாதாகையால், மேல் வகுப்பு மாணவர் எழுபதுக்கும் மேற்பட்டோரை அழைத்துத் தலைமையாசிரியர் தம் கையாலேயே பிரம்படி கொடுத்தார். அவ்வரிசையில் நின்றவருள் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன், தன் முறை வருவதற்குள் தலைமையாசிரியரின் கை சோர்ந்துவிட்டது என்று பிற்காலத்தில் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்தான். அவன் பெயர் கிளெமெண்ட் அட்லி.

இந்நிகழ்ச்சியை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? சொந்த அண்ணன் உயிரைப் பணயம் வைத்துப் போரிட்ட களத்தின் வெற்றியைக் கொண்டாட மறுப்பதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். எதிர்க் கட்சியாரும் தம் மண்ணுக்காகவே போராடுகின்றனர் என்று நினைக்கும் மனம் அக்கூட்டத்தில் ஒருவரிடமேனும் இருந்தால் அது போற்றத்தக்கது. ஆனால், தம் மனத்திலுள்ளதை மாணவர்க்கு எடுத்து விளக்கி இணங்க வைப்பதற்கு மாறாக, அதிகாரத்தாலும் பிரம்பாலும் அவர் அதனை நிலைநாட்டினார். நேர்மையைப் பற்றிய பாடம் பிரம்பின் வழியே செல்லாது. சிறுவர்கள் அன்று கற்றது தலைமையாசிரியரின் கருத்தை அன்று, அவர் கையின் வலிமையையே.

1905-இல் அவர் தாம் கற்ற ஈட்டன் பள்ளிக்கே தலைமையாசிரியராகத் திரும்பினார். ஆங்கில நாட்டில் ஆசிரியர் ஒருவர் அடையக்கூடிய உயர்ந்த பதவி அதுவே. பின்னாளில் பிரதமராகிய ஹரால்டு மாக்மில்லனும், நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் அவர் காலத்து மாணவர்கள். 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் உலக யுத்தம் தொடங்கியது. ஈட்டனின் பழைய மாணவர்கள் அணி அணியாகப் போர்முனைக்குச் சென்றனர். யுத்தம் முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆடுகளத்தில் அவர் பயிற்றிய பிள்ளைகளின் பெயர்கள் செய்தித்தாளின் மாண்டோர் பட்டியலில் வந்துகொண்டிருந்தன.

இந்நிலையில், 1915-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், லண்டனில் பார்லிமெண்டை அடுத்துள்ள செயிண்ட் மார்கரெட் தேவாலயத்தில் லிட்டல்டன் ஓர் அறவுரை நிகழ்த்தினார். பகைவனிடமும் அன்பு செலுத்துக என்னும் கிறிஸ்துவின் கட்டளை போர்க்காலத்திலும் செல்லும் என்பது அவர் கருத்து. அதனைப் பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் நிற்கவில்லை. நடைமுறை உதாரணமும் காட்டினார். வட கடலையும் பால்டிக் கடலையும் இணைக்கும் கீல் கால்வாயை ஜெர்மனி கைவிட்டு, எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்க வேண்டும் என்று நாம் கேட்போமாயின், மத்தியதரைக் கடலின் வாயிலாகிய ஜிப்ரால்டர் கோட்டையை நாமும் அவ்வாறே பொதுவாக்க முன்வர வேண்டும் என்னும் பொருள்படப் பேசினார்.

கிரிக்கெட்டின் மொழியில் சொல்வதாயின் இதன் பொருள் எளிது. எதிரிக்கு ஒரு விதி, நமக்கு ஒரு விதி என்று இருத்தல் ஆகாது. நடுவர் இருவருக்கும் ஒருவரே. நாற்பதாண்டுகளாக ஆங்கிலப் பள்ளிகள் சிறுவர்க்குப் போதித்து வந்தது இதனையே. ஆயின், போதித்தவர் ஒருவர் அதனைப் போர்க்களத்துக்கும் பொருத்திக் காட்டியவுடன் நாடு கொதித்தெழுந்தது. செய்தித்தாள்கள் அவரை வன்மையாகக் கண்டித்தன. ஜெர்மனிக்குப் பரிந்து பேசுபவர் என்று பழி தூற்றினர். மகனைப் போரில் இழந்த பெற்றோர்க்கு அவர் சொல் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலிருந்தது. அவர்கள் சினத்தில் நியாயம் இல்லை என்று கூறிவிட முடியாது. அவரோ, போரை எதிர்த்தவர் அல்லர். ஜெர்மனி செய்தது சரி என்றவரும் அல்லர். நீதி கேட்பவன் தானும் நீதிக்கு உட்பட வேண்டும் என்பதே அவர் கூறியது. அடுத்த ஆண்டு, 1916-இல், அவர் ஈட்டன் தலைமைப் பதவியை விட்டு விலகினார்.

அதன் பின் அவர் ஏற்ற பணிகள் நம் கவனத்துக்கு உரியவை. நாட்டின் தலைசிறந்த பள்ளியை ஆண்டவர், லண்டனில் செயிண்ட் மார்ட்டின் தேவாலயத்தில், தம்மினும் வயதில் மிக இளையவராகிய டிக் ஷெப்பர்டு என்னும் குருவின் கீழ் உதவிக் குருவாகப் பணிபுரிந்தார். பிறகு 1918-இல் நார்ஃபோக் கடற்கரையில் உள்ள சைட்ஸ்ட்ராண்டு என்னும் சிற்றூருக்குக் குருவாகச் சென்றார். 1920 முதல் 1929 வரை, பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றும் ஒயிட்லண்ட்ஸ் கல்லூரியில் பொறுப்பேற்றார். பிரபுக்களின் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தவர், இறுதியில் ஏழை எளியோர் பள்ளிகளுக்குச் செல்லவிருந்த ஆசிரியைகளிடையே வாழ்ந்தார். மற்றோர் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, 1942-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், எண்பத்தாறாம் வயதில் அவர் காலமானார்.

அவரிடம் பிரம்படி பட்ட அட்லி பிற்காலத்தில் தொழிற்கட்சித் தலைவரானார். சைமன் கமிஷன் உறுப்பினராக இந்தியாவுக்கு வந்து நம்மவர் காட்டிய கறுப்புக் கொடிகளைக் கண்டவர் அவர். 1947-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்திய விடுதலைச் சட்டத்தைப் பார்லிமெண்டில் நிறைவேற்றியது அவருடைய அரசாங்கமே. 1900-ஆம் ஆண்டின் பிரம்படிக்கும் இச்சட்டத்துக்கும் முடிச்சுப் போடுவது வெறும் கற்பனையாகும். இந்திய மக்களின் நெடிய போராட்டமே விடுதலையைத் தந்தது. எனினும், நம்மை ஆளக் கலெக்டர்களைப் பயிற்றிய அதே கட்டடத்தில் கற்ற ஒருவர் கையாலேயே அவ்வாட்சிக்கு முடிவுரை எழுதப்பட்டது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இவ்வாழ்க்கையிலிருந்து தெரிவது யாது? ஆட்டம் தானாகவே ஒழுக்கத்தைத் தந்துவிடாது. ஒரே களத்தில் ஆடி, ஒரே தேவாலயத்தில் அறவுரை கேட்டவர்கள்தாம் லேடிஸ்மித்தின் பெயரால் கூச்சலிட்டனர். அவர்களைப் போன்றோரே 1915-இல் லிட்டல்டனைத் தூற்றினர். கனவான் என்றும் கூலிக்காரர் என்றும் வாயிலைப் பிரித்து வைத்தோரும் அவ்வாட்டத்தை ஆடியவரே. ஆட்டம் ஒரு விதியைக் கற்பிக்கலாம். அவ்விதியைத் தனக்கு நட்டம் வரும் இடத்திலும் பொருத்திப் பார்ப்பது அவரவர் மனத்தின் வேலை. லிட்டல்டன் அதனை ஒரு முறை பிரம்போடு செய்தார்; மறுமுறை தம் பதவி போகும் அளவுக்குச் செய்தார். இரண்டாவதே பெரிது.

பிற மொழியார் நடுவே வாழும் நமக்கு இவ்வினா அன்றாடம் எழுவது. குழாயடியிலும் அலுவலகத்திலும் குடியிருப்புச் சங்கத்திலும் 'நம்மவர்', 'அவர்கள்' என்னும் பேச்சு எழும்போது, நம் பிள்ளைகள் நம் முகத்தைத்தான் பார்க்கின்றனர். நமக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டிக்கும் நாம், நம்மவர் பிறர்க்கு இழைத்ததையும் அதே கோலால் அளக்கின்றோமா என்பதை அவர்கள் அறிந்துகொள்வர். மாலையில் மைதானத்தில் எதிர்க் கட்சிக்குக் கை கொடுத்துவிட்டு வீடு திரும்பும் சிறுவனுக்கு, அதன் பொருளை உணர்த்த வேண்டியது வீடேயாகும்.